கடைமடைச் சாமி

என் வயலுக்குக் கீழே சாமி வயல்.
அதற்குக் கீழே உப்பங்கழி.
அதற்கும் கீழே கடல்;
அது யாரிடமும் முறை கேட்பதில்லை.

கழியேந்தல் கண்மாய்க்கு
ஒரே மடை, ஒரே வாய்க்கால்.
தலைமடையில் வில்லாயுதமும் அவன் பங்காளிகளும்.
நடுவில் பள்ளிவாசல் நிலம்,
நோன்புக் கஞ்சிக்கென்று எழுதி வைத்தது.
கடைசியில், குழியடிச்சானைப் புழுதியில் விதைத்துவிட்டு
மேகத்தை எண்ணும் நாங்கள்.
எங்களுக்கும் கடைசியில் கழிக்கரை அய்யனார்.
அரை ஏக்கர். பட்டா அவர் பேரில்.

யார் கொண்டுவந்து வைத்தார்கள்
இவ்வளவு பெரிய சாமியை
இவ்வளவு கடைசியில்?
குதிரை இருக்கிறது, அரிவாள் இருக்கிறது.
மடைவாயிலேயே இடம் கேட்டிருந்தால்
மாட்டேன் என்றிருப்பானா ஒருத்தன்?

எவனோ கணக்குத் தெரிந்தவன் செய்த வேலை.
சாமி சாப்பிட வேண்டுமானால்
தண்ணீர் எங்கள் எல்லார் வரப்பையும்
உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும்.
நான் பெரிதாகச் சாமி கும்பிடுகிறவள் இல்லை.
அந்தக் கணக்கைக் கும்பிடுகிறேன்.

நேரம் பள்ளிவாசலுடையது.
சுபுஹு பாங்குக்குத் தலைமடை,
லுஹர் பாங்குக்கு நடு,
அஸர் பாங்குக்கு நாங்கள்.
மஃரிபோடு ஊர்த் தண்ணீர் முடிந்தது.
ராத்திரி ஓடுவது சாமி தண்ணீர்,
அதில் கை நனைத்தவனுக்குக் கண் போகும் என்பார்கள்.
மோதினார் அபூதாகிர் காய்ச்சலில் படுத்த அன்று
கோயில் வேளார்தான் முதலில் ஓடினார்,
சுக்குக் கஷாயத்தோடு.
நட்புதான்.
அன்றைக்கு நடுமடை முறை வேளாருடையது என்பதும் உண்மைதான்.

மழை பாதியில் நின்ற வருஷம்
மடைக்கல்லில் நாலு முழம் தண்ணீர்.
மார்கழி இருட்டில் எண்ணெய் எஞ்சின் சத்தம் கேட்டது.
வில்லாயுதத்துக்குக் கண் போகவில்லை,
நெல்தான் தளதளவென்று நின்றது.
நீர்பாய்ச்சி ஊர்காவலன்
மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
எஞ்சினையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.
மனு எழுதலாம் என்றேன்.
"யாருக்கு?" என்றான்.

மாசிப் படையலுக்குச் சாமி வயலில்
பதர்கூட மிஞ்சவில்லை.
வேளார் ரேஷன் அரிசியைப் பொங்கி
இலையில் கொட்டினார்.
ஊரே கூடி நின்றது.
"ரேஷன் அரிசி" என்று அறிவித்தார்,
சாமிக்குச் சொல்வதுபோல,
கொஞ்சம் காது மந்தமான சாமிக்குச் சொல்வதுபோல.
அவ்வளவுதான்.
வில்லாயுதம் திருநீறு வாங்கக் கை நீட்டினான்.
வேளார் பூசினார், சிரித்தார்கூட.

அடுத்த ஐப்பசியில்
இந்த வருஷம் முறையை மாற்றலாம் என்றார் வேளார்.
பூக்கட்டிப் போட்டார்கள்.
யாருக்குத் தலைமுறை, யாருக்குக் கடைசி என்று சாமி சொல்லட்டும்.
வேளார் பேத்தி ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
வில்லாயுதத்தின் பொட்டலம் கடைசியில் வந்தது.
எச்சில் விழுங்கினான்,
ஒன்றும் பேசவில்லை.
மனிதன் சொல்லியிருந்தால்
மூன்று தலைமுறைக்கு வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

குலுக்கும்போது வேளாரின் இடுப்புமடிப்பில்
இன்னொரு பொட்டலம் இருந்தது.
நான் பார்த்தேன்.
மோதினாரும் பார்த்தார்,
உடனே வானத்தைப் பார்த்தார்.

அந்த வருஷம் அஸர் பாங்குக்கு முன்பே
என் வாமடை நனைந்தது.
வெளுத்துக் கிடந்த உப்பு கரைந்து
கீழே போனது,
சாமி வயல் வழியாக.
வில்லாயுதம் ராத்திரியில் வாய்க்கால் கரையில் நடந்தான்,
லாந்தரோடு,
எவன் எங்கே திருடுகிறான் என்று பார்க்க.
சாமி தண்ணீருக்கு
அவனைப்போல் ஒரு காவல்காரன்
அதற்கு முன் இருந்ததில்லை.